கிளம்பாவிட்டால் ஆள் அனுப்புங்கள்

ஆனையூர் வீட்டில் என் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஓர் இரும்புக் கம்பி தொங்குகிறது. இரண்டு இடத்தில் மடங்கிய கனத்த கம்பி. ஒரு முனையில் கை பிடிக்க மரக்குழல், மறுமுனையில் இரண்டு பற்கள். வருகிறவர்கள் எல்லாரும் இது என்ன என்று கேட்கிறார்கள். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவர், திருடனை அடிப்பதற்கா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காலத்தில் மோட்டார் வண்டிக்கு முன்னால் நின்று இந்தக் கம்பியைச் செருகிச் சுழற்றித்தான் எஞ்சினைக் கிளப்புவோம் என்று விளக்க ஆரம்பித்தால், பாதியிலேயே கேட்பவருக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. சுழற்றும்போது எஞ்சின் சில நேரம் திருப்பி உதைக்கும். கட்டை விரலைப் பிடியைச் சுற்றிப் போட்டிருந்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். "கட்டை வெரலச் சேத்துப் பிடி மாப்ள, திருப்பி அடிச்சா கை போயிரும்" என்று மச்சான் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ராணுவ ஒர்க்‌ஷாப்பில் நாலு வருஷம் லாரிகளோடு படுத்து எழுந்து வந்தவனிடம் அவர் இதைச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மச்சான் என் அக்காவின் கணவர். அத்தாவும் அம்மாவும் போன பிறகு, காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் இருந்த அவர்கள் வீடுதான் என் வீடு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மச்சானிடம் ஒரு சின்ன லாரி இருந்தது. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் மரத்தொட்டி. இன்று பிக்கப் என்கிறார்களே, அந்த மாதிரி. ரயிலடியில் வந்து இறங்கும் நூல் பொதிகளைச் செல்லூர்த் தறிக்காரர்களுக்குக் கொண்டுபோய் இறக்குவார். யுத்தம் வந்ததும் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. எல்லாரையும் போல அவரும் வண்டிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்குக் கரி அடுப்பு ஒன்றைப் பொருத்தி, அந்தக் கரிப்புகையில் ஓட்டிப் பார்த்தார். பிறகு நூலும் வரவில்லை. பழங்காநத்தத்தில் தெரிந்தவர் கொல்லையில் ஓலைக் கொட்டகை போட்டு வண்டியை நிறுத்தினார். அன்றைக்குப் பழங்காநத்தம் ஊருக்கு வெளியே இருந்தது, சுற்றிலும் வயல். வண்டி அங்கே போன வருஷமே அக்காவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நான் அஸ்ஸாம் பக்கம் இருந்தேன். கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. அவள் போனது தெரியாமல் அந்த ஒரு மாதமும் நான் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

யுத்தம் முடிந்து நான் திரும்பியபோது அந்த வீட்டில் இரண்டு ஆண்கள், பேச ஒன்றுமில்லை. இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்: அக்கா இருந்த வரைக்கும் மச்சானும் நானும் நேருக்கு நேர் பேசியதே குறைவு. "ஒந் தம்பியச் சாப்பிடச் சொல்லு" என்பார் அவர். "மச்சான் எப்பக்கா வருவாரு" என்பேன் நான். எங்கள் பேச்சு முழுக்க அக்கா வழியாகத்தான் போய் வந்தது. இப்போது ஒருவர் தும்மினால் இன்னொருவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு அவர் தொழப் போய்விடுவார். வரும்போது நான் சாப்பிட்டு முடித்திருப்பேன். எனக்குக் கோயம்புத்தூரில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எப்போது கிளம்பலாம் என்றே இருந்தேன். ஆனால் அவரை அப்படியே விட்டுப் போக மனசு வரவில்லை. அதனால் ஒரு சாக்குத் தேடினேன். வண்டி மழையிலும் வெயிலிலும் வீணாகிறது, மச்சானுக்கோ முழங்கால் பிடித்துக்கொண்டு கிளட்ச் மிதிக்க முடியவில்லை. சரிபண்ணி விற்றுக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவர் வெகுநேரம் தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி மாப்ள, வித்துரலாம்" என்றார்.

பத்து நாள் வேலை என்று நினைத்துப் போனேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். பெட்ரோல் குழாய்க்குள் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. சீட்டுப் பஞ்சில் எலிக் குடும்பம். ரேடியேட்டர் பொடிப்பொடி ஓட்டைகள் வழியாக ஒழுகியது. மஞ்சள் தூளைப் போட்டு அடைத்தோம். தொட்டிப் பலகை முழுக்கக் கரையான். செல்லூரில் ஆசாரியைப் பிடித்துப் பலகை மாற்றி, மாட்டு வண்டிக்கு வர்ணம் அடிப்பவரைக் கொண்டு பச்சை அடித்தோம். அவர் கை சும்மா இருக்காமல் தொட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாமரையும் போட்டுவிட்டார். கரி அடுப்பைக் கழற்றினோம். அதை மச்சான் வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீர் போட வைத்துக்கொண்டார். பழைய ராணுவ பாட்டரி ஒன்று கிடைத்தது. அதைப் போட்டதும், காலால் அமுக்கும் ஸ்டார்ட்டர் சுவிட்ச் மூன்று வருஷத்துக்குப் பிறகு பேசியது.

தினமும் காலையில் இரண்டு பேரும் பழங்காநத்தத்துக்கு நடப்போம். அவர் கையில் தூக்குச் சட்டி, என் கையில் சாமான் பை. முதல் வாரம் தூக்கில் வெறும் சோறும் ஊறுகாயும் இருந்தது. இரண்டாவது வாரம் புளியாணம் என்கிற எங்கள் வீட்டுப் புளிக்குழம்பு வைத்தார். வாயில் வைக்க முடியவில்லை. மூன்றாவது வாரம் அக்காவின் கைமணம் லேசாக எட்டிப் பார்த்தது. நான் வண்டிக்கு அடியில் படுத்திருப்பேன், அவர் பக்கத்தில் குத்தவைத்து, கேட்கிற ஸ்பானரை எடுத்துக் கொடுப்பார். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதால் பேச்சு தானாக வந்தது. கல்யாணமான புதிதில் அக்காவை இந்த வண்டியில் ஏற்றி அழகர்மலைப் பக்கம் போனது, பாதி வழியில் நின்றது, அக்கா இறங்கித் தள்ளியது, தள்ளிவிட்டு "பொண்டாட்டிய வச்சு வண்டி தள்ளுற மொத ஆளு நீங்கதான்" என்று சண்டை போட்டது. "அம்புட்டு வாய் அவளுக்கு" என்று சொல்லிவிட்டு மச்சான் சிரித்தார். அடியில் படுத்திருந்த எனக்குக் கண் கலங்கியது. நல்ல வேளை, கிரீஸ் என்று சொல்லித் துடைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது வாரத்தில் வேலை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இன்று சரிசெய்து ஓட்டிப் பார்த்த வண்டி நாளைக் காலை கிளம்பாது. ஒரு நாள் பிளக் வயர் கழன்றிருந்தது. ஒரு நாள் கார்ப்பரேட்டரின் சின்னத் திருகு ஒன்றைக் காணோம். அதற்கு மாற்று வாங்க இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாவது தடவை பாட்டரி வயர் தளர்ந்து கிடந்தது. ஆடு மேய்க்கிறவர்கள் கைவைக்கிறார்கள் என்று கொல்லைக்காரரிடம் சத்தம் போட்டேன். அந்த மனிதர் என்னையும் மச்சானையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் சோறு பிசையும்போது மச்சானின் நகக்கண்ணில் கறுப்புக் கிரீஸ் இருந்தது. அன்று காலையிலிருந்து அவர் ஒரு ஸ்பானரையும் தொடவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் வயது, உறவு எதுவும் தெரியவில்லை. "விக்க மனசில்லேன்னா சொல்லித் தொலைங்க மச்சான். உங்களுக்குப் பொழப்பு முடிஞ்சிருச்சு. எம் பொழப்பையும் ஏன் கெடுக்குறீங்க?" என்றேன். அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்திருந்தார். "கெடுக்கல மாப்ள. இன்னும் நாலு நாள் கெடக்கட்டுமேன்னுதான்" என்றார். வண்டி நாலு நாள் கிடக்கட்டும் என்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். வண்டி மேல் இவ்வளவு பாசமா, இரும்பு மேல் என்ன பாசம் என்று மனசுக்குள் திட்டினேன். அன்று சாயங்காலம் அவர் தம் வேட்டி மடிப்பிலிருந்து அந்தத் திருகை எடுத்து என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

வாங்க வந்தவர் செக்கானூரணிக்கு மேற்கே ஒரு கிராமத்துச் சம்சாரி. வாழையும் காய்கறியும் விளைகிற நிலம். சரக்கை மதுரைச் சந்தைக்குக் கொண்டுவர வண்டி தேடினார். கூட அவர் மகன் வந்திருந்தான், கல்யாணமானவன், பஸ் ஓட்டப் பழகியவன். பெரியவர் அதுவரை மாட்டைத் தவிர எதையும் விலைக்கு வாங்கியதில்லை போலிருக்கிறது. வண்டியைச் சுற்றி மூன்று தடவை வந்தார். சுழி பார்ப்பதுபோல் தகரத்தைத் தடவினார். பானெட்டைத் தூக்கச் சொல்லி, பல்லைப் பார்ப்பவர்போல் குனிந்து பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து நீட்டினார். மாட்டுத்தாவணிச் சந்தையில் செய்கிற மாதிரி, துண்டுக்கு அடியில் இருவரும் கைகோத்து விரலைப் பிடித்தே விலை பேசினார்கள். வெளியே இரண்டு முகமும் வெயிலைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பவை போல இருந்தன. என்ன விலை முடிந்தது என்று எனக்கே சொல்லவில்லை. மச்சான் தலையை அசைத்தார், வியாபாரம் முடிந்தது.

நான் சாவியை எடுத்து நீட்டினேன். பெரியவர் வாங்கவில்லை. பையிலிருந்து மஞ்சள் தடவிய புதுக் கயிறு ஒன்றை எடுத்து வண்டியின் முன் பம்பரில் கட்டினார். "மாடு வித்தா கயித்தக் குடுக்குறதில்ல பாய். வாங்குறவென் புதுக் கயிறு கொண்டாரணும், பழைய கயிறு வித்தவென் வீட்டுல கெடக்கணும். அப்பத்தான் அந்த வீட்டுத் தொழுவம் வெறிச்சுன்னு போகாது. நீங்க இதுல என்னத்த வச்சுக்கிறீக?" என்றார். மோட்டார் வண்டியில் ஏது கயிறு? எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சான் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்தார், ஹாரனைப் பார்த்தார், வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு இந்தக் கம்பியை எடுத்தார். "இது எங்கிட்ட இருக்கட்டும்ணே" என்றார்.

மகன் பதறிவிட்டான். "அது இல்லாமக் குளிர்ல எப்பிடிக் கெளப்புறது?" என்றான். "சுவிட்ச அமுக்குனா கெளம்பிரும் தம்பி, பாட்டரி நல்லா இருக்கு. கெளம்பாட்டி ஒரு ஆள அனுப்புங்க. எந்நேரம்னாலும் சரி, நான் எடுத்துட்டு வாரேன். எம்புட்டுத் தூரம், பஸ்ஸுல ஏறுனா பத்து மைலு" என்றார் மச்சான். பெரியவருக்கு அதில் ஒரு வினோதமும் தெரியவில்லை. வித்த மாடு புது இடத்தில் தண்ணி குடிக்காவிட்டால் பழைய ஆள் வந்து தடவிக் கொடுப்பது வழக்கம்தானே என்றார். வண்டி கிளம்பியது. மஞ்சள் கயிறு ஆட, இரண்டு தாமரையும் வயல் வரப்போடு போய் மறைந்தன. மச்சான் வெறும் கொட்டகையில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். திரும்பி நடக்கும்போது தூக்குச் சட்டியை மறந்துவிட்டோம். அதற்காக மறுபடி போக இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் படித்தவன் இல்லையா, வண்டியை விற்றுவிட்டு அதன் கம்பியை வைத்துக்கொள்வது எனக்கு முழு மோசடியாகப் பட்டது. அந்தச் சம்சாரி நடுரோட்டில் நின்று என் வேலையைத் திட்டுவாரே என்று உறுத்தியது. மச்சான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போன நேரம் கம்பியை ஒரு பழைய பேப்பர் மேல் வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டேன். செல்லூர்க் கொல்லனிடம் கொடுத்து அச்சு அசலாக இன்னொன்று அடித்து வாங்கினேன். சந்தைக்கு வந்த சம்சாரி மகனைத் தேடிப் பிடித்துக் கொடுத்து, "மச்சான்கிட்டச் சொல்ல வேணாம், வருத்தப்படுவாரு" என்றேன். "பெரிய உதவிண்ணே" என்றான் அவன். யோக்கியனாக நடந்துகொண்ட நிம்மதியோடு கோயம்புத்தூர் ரயில் ஏறினேன். அன்று ரயிலடியில் மச்சான் ரயில் நகர்கிற வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கட்டை வெரலு பத்திரம் மாப்ள" என்றார். வேறு எதுவும் சொல்லத் தெரியாத மனிதர்.

மாதம் ஒரு கார்டு வரும். எல்லாக் கார்டும் ஒரே மாதிரி முடியும்: சம்சாரி வீட்டிலிருந்து ஆள் வரவில்லை, வண்டி நன்றாக ஓடுகிறதுபோல, நீ பார்த்த வேலை அப்படி. என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்து, கூட வேலை பார்ப்பவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

பெருநாள் விடுமுறைக்கு வந்தபோதுதான் பார்த்தேன். வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துக் கம்பியை மாட்டியிருந்தார். எண்ணெய் போட்டுத் துடைத்ததில் இரும்பு கறுத்து மினுங்கியது. அதே ஆணியில் ஒரு துணிப்பை. உள்ளே துவைத்து மடித்த கைலி, துண்டு, தொப்பி. ஒரு ராத்திரி தங்கும்படி ஆகிவிட்டால் என்று வைத்திருந்தாராம். தெருமுனைக் கடைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பாய் இப்பல்லாம் எங்கயும் போறதில்லப்பா. திண்டுக்கல்லுல கூடப்பொறந்த தங்கச்சி மக நிக்காஹ்வுக்கே போகல. அந்நேரம் பாத்து ஆள் வந்துட்டான்னா பூட்டுன வீட்டப் பாத்துட்டுப் போயிருவான்ல, பாவம் அப்பிடிங்கிறாரு. தொழுகைக்குப் போறப்ப எங்கிட்டச் சொல்லிட்டுப் போறாரு, யாரும் வந்தா உக்கார வையின்னு."

அப்போதுதான் என் மரமண்டையில் ஏறியது. திருகைக் கழற்றியது வண்டிக்காக அல்ல. நாலு நாள் கிடக்கட்டும் என்றது என்னை. நான் போவது உறுதி என்று தெரிந்த பிறகு, தம்மைத் தேடி ஒருவராவது வர ஒரு வழி வேண்டும் என்றுதான் அந்தக் கம்பியை எடுத்திருக்கிறார். அந்த வழியை நான் கூலி கொடுத்துக் கொல்லுப்பட்டறையில் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது உண்மையைச் சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "ஸ்டார்ட்டர நீ எப்பிடிடா பண்ணுன? இம்புட்டு நாள் நிக்காம ஓடுதே" என்று அவர் சந்தோஷமாகக் கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றுங்கள் என்றேன்.

செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. சம்சாரி ஊருக்குப் போய், "வண்டி கிளம்பவில்லை என்று ஒரு ஆளை அனுப்புங்கள்" என்று சொன்னால் போதும். அந்தப் பெரியவர் தட்ட மாட்டார். விடுமுறை இரண்டு நாள்தான், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். அங்கே போயும் ஒரு கார்டு எழுதியிருக்கலாம். எழுத நினைத்த நாளெல்லாம் ஏதோ ஒரு பஸ் பிரேக் பிடிக்காமல் வந்து நின்றது. மார்கழியில் தந்தி வந்தது. ரயில் பிடித்து மதுரை வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அக்காவையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. மையவாடியில் இரண்டு ஈர மண்மேட்டைக் காட்டி, இதில் எது என்று இன்னொருவரிடம் கேட்டேன்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்குச் சம்சாரி வந்தார். சந்தையில் சேதி கேள்விப்பட்டு மகனோடு அதே வண்டியில், ஒரு தார் பழத்தோடு விடியக் காலையிலேயே வந்திருந்தார். சந்து முனையில் பச்சை வண்டி நின்றது. தாமரையில் பாதி உரிந்திருந்தது. "நல்ல மனுசென். ஒரு தடவ கூட வந்து பாக்கலியேன்னு நெனப்பேன்" என்றார் பெரியவர். எனக்குத் தலை நிமிரவில்லை. பொழுது சாய்ந்து அவர்கள் கிளம்பும்போது பனி இறங்கிக்கொண்டிருந்தது. மகன் சுவிட்சை அமுக்கினான். எஞ்சின் முனகிவிட்டு நின்றது. இன்னொரு தடவை, அதுவும் இல்லை. அவன் குனிந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டான். நான் அடித்துக் கொடுத்த கம்பியைத் தேடுகிறான் என்று தெரிந்தது.

"இருங்க" என்றேன். வீட்டுக்குள் ஓடி ஆணியிலிருந்து மச்சானின் கம்பியை எடுத்து வந்தேன். எண்ணெய்ப் பிசுக்கு கையில் ஒட்டியது. பல் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கட்டை விரலைச் சேர்த்துப் பிடித்தேன். மூன்றாவது சுற்றில் வண்டி கிளம்பிவிட்டது. சந்து முழுக்கப் புகை. சத்தம் கேட்டுக் கடைக்காரர் வெளியே வந்து, "ஆள் வந்துட்டாகளா?" என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். நான் பம்பரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பெரியவர் கீழே இறங்கி என் முதுகில் கைவைத்தார். கம்பியை அவரிடமே நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "கயிறு வித்தவென் வீட்டுலதான் கெடக்கணும்" என்றார்.

அப்படித்தான் இது என்னிடம் வந்தது. அதற்குப் பிறகு என் கல்யாணம், வேலை, வீடு, மனைவியின் மரணம் என்று ஊர் ஊராக என்னோடு வந்து, கடைசியில் ஆனையூரில் இந்த ஆணியில் ஏறியிருக்கிறது. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. மகனுக்கு வேலை கோயம்புத்தூரில். ஊர் கூட மாறவில்லை பாருங்கள். வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்வான். எல்லாம் நல்லா இருக்கா அத்தா, எதுவும் வேணுமா என்பான். எல்லாம் நன்றாக ஓடுகிறது, நீ உன் வேலையைப் பார் என்பேன். பல வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை வைத்த பிறகு வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும்.

நேற்றும் வெள்ளிக்கிழமை. அவன் வழக்கம்போலக் கேட்டான். "தண்ணி மோட்டார் கெளம்ப மாட்டேங்குதுப்பா. இங்க எவனுக்கும் பாக்கத் தெரியல. நீ ஒரு நட வந்து பாத்துட்டுப் போயேன்" என்றேன். ஞாயித்துக்கிழமை வாரேன் அத்தா என்றான். மோட்டாருக்கு ஒரு குறையும் கிடையாது. அதன் வயரை நேற்றுக் காலை நான்தான் கழற்றினேன். சுருட்டி, கம்பிக்குப் பக்கத்தில் அதே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன்.